வியாபாரியின் நிலையான விலாசம்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கித் தெற்கே செல்லும் பெருந்தெருவில், சாய்ந்தமருதையும் காரைதீவையும் கடந்த பின் வருவது நிந்தவூர். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. மீன்பிடியும் வேளாண்மையும் நெடுங்காலமாக இவ்வூரைப் பேணி வந்த தொழில்கள். இக்கரையோரத்து ஊர்களின் கடைத்தெருவிலே பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு செல்பவர் ஒன்றைக் கவனியாதிரார். முதலாளியின் பெயருக்கும் விற்கும் பொருளுக்கும் அடுத்தபடியாகப் பலகையில் இடம்பிடித்திருப்பவை இலக்கங்களே. 067 என்று தொடங்குவது கம்பி வழியே கடைக்கு வந்த தொலைபேசி. 077, 071, 075 என்று தொடங்குவன கைத்தொலைபேசிகள்.

இவ்விலக்கங்கள் யாருக்குச் சொந்தம்? கடைக்காரருக்குத்தான் என்று சொல்லத் தோன்றும். ஆயின், அவற்றை வழங்கியது தொலைபேசிக் கம்பனி. கட்டணம் கட்டாது நெடுநாள் விட்டால் அவ்விலக்கம் வேறொருவர் கைக்குப் போய்விடும். பங்காளிகள் பிரிந்தால் இலக்கம் ஒருவரோடு போகும். கடையை நடத்திய மகன் கட்டாருக்குத் தொழில் தேடிச் சென்றால், சிம் அட்டை மேசை இலாச்சியிற் கிடந்து செத்துப் போகும். நெல் ஆலைக்காரர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அரிசிப் பைகளை ஆயிரக் கணக்கில் அச்சடிப்பித்து, ஒவ்வொன்றிலும் தமது தொலைபேசி இலக்கத்தைப் பொறித்து வைக்கிறார். பை கொழும்புக்குப் போகிறது, சமையலறைக்குப் போகிறது, அரிசி தீர்ந்த பின்னும் அது வீட்டில் ஏதேனும் ஒரு தேவைக்குக் கிடக்கிறது. இலக்கம் மாறிய மறுநாள் அப்பைகள் அத்தனையும் பொய் சொல்லத் தொடங்கிவிடுகின்றன. அச்சுக்கூலி நட்டம் ஒருபுறமிருக்க, தேடி வந்த வாடிக்கைக்காரர் எத்தனை பேர் திரும்பிப் போயினர் என்பதை எக்கணக்குப் புத்தகமும் காட்டாது.

இச்சங்கடத்துக்கு மாற்று ஒன்றைப் பழைய வியாபாரிகள் அறிந்திருந்தார்கள். தந்தி நடைபெற்ற காலத்தில் சொல்லொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறவிடப்பட்டது. விலாசத்திலுள்ள சொற்களுக்கும் காசு கொடுக்க வேண்டும். ஆகவே, பெரிய வணிக நிறுவனங்கள் ஒற்றைச் சொல் ஒன்றைத் தமது தந்தி விலாசமாகத் தந்திக் கந்தோரிற் பதிவு செய்து வைத்தன. அச்சொல்லையும் ஊரின் பெயரையும் எழுதினால் தந்தி போய்ச் சேரும். நிறுவனம் வேறு தெருவுக்கு மாறினாலும் உலகெங்குமுள்ள வாடிக்கைக்காரர்கள் எழுதும் சொல் மாறாது. கந்தோரிலுள்ள பதிவேட்டில் ஒரு வரி மட்டும் மாறும். நிலையான பெயர் ஒன்று வெளியே நிற்க, மாறுவன யாவும் அதன் பின்னே ஒரு பதிவேட்டில் மாறிக்கொண்டிருத்தல் என்னும் இவ்வேற்பாடே இன்றைய இணையப் பெயர்களுக்கும் அடிப்படை.

இணையத்தில் இணைந்துள்ள ஒவ்வொரு கணினிக்கும் நீண்ட இலக்கம் ஒன்று உண்டு. மனிதர் அதை நினைவில் வைத்திருத்தல் இயலாது. தொடக்க காலத்திற் கணினிகள் சில நூறே இருந்தமையால், அவற்றின் பெயர்களும் இலக்கங்களும் கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆய்வு நிலையத்தில் ஒரே பட்டியலாக வைக்கப்பட்டிருந்தன. பட்டியல் பெருத்துச் சமாளிக்க முடியாத நிலை வந்தபோது, 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் ஆள்களப் பெயர் முறையை வகுத்தார். அதன் நுட்பம் தபாற் கந்தோரில் வேலை பார்த்தவருக்கு எளிதில் விளங்கும். கடிதத்தைத் தரம் பிரிப்பவர் விலாசத்தின் கடைசி வரியை முதலில் வாசிக்கிறார். நாடு, பின்னர் நகரம், அதன் பின்னரே தெருவும் வீடும். இணையமும் பெயரை அவ்வாறே கடைசியிலிருந்து, அதாவது அரபு எழுத்தை வாசிப்பது போல வலமிருந்து இடமாக வாசிக்கிறது. "டொட் எல்கே" என்று முடியும் பெயரைக் கண்டால், முதலில் உலகப் பொதுப் பதிவேட்டிடம் "எல்கே எங்கே?" என்று கேட்கும். அங்கிருந்து இலங்கையின் பதிவேட்டுக்கு வரும். அதன் பின்னர் உரிய பெயரைச் சென்றடையும். இவ்வாறு கடைசியில் நிற்கும் சொல்லையே பெயரின் ஈறு எனலாம். இலங்கைக்குரிய "எல்கே" என்னும் ஈறு 1990இல் வழங்கப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிஹான் டயஸ் அப்பதிவகத்தைத் தொடக்கி நடத்தியவர்.

சாதாரணமாக ஓர் இணையப் பெயரின் பின்னே இருப்பது கணினி ஒன்றின் இலக்கம். அக்கணினியைத் திறந்து, அதிலுள்ள பக்கத்தை வாசித்து, அதற்குள் எங்கேனும் ஒரு மூலையில் தொலைபேசி இலக்கத்தைத் தேட வேண்டும். இந்தச் சுற்றுவழி எதற்கு? தொலைபேசி இலக்கத்தையே நேராகப் பதிவேட்டில் எழுதி வைத்தால் என்ன? இவ்வாறு எண்ணியது இலண்டனைச் சேர்ந்த டெல்னிக் என்னும் நிறுவனம். 2000ஆம் ஆண்டிலே "டெல்" என்னும் புதிய ஈற்றுக்கு அது விண்ணப்பித்தது. அப்போது அனுமதி கிடைக்கவில்லை. மீண்டும் 2004இல் தொடங்கிய சுற்றில் விண்ணப்பித்து, 2006இல் அனுமதி பெற்று, 2009இல் பொதுமக்களுக்குப் பெயர்களை விற்கத் தொடங்கியது. இணையப் பெயர்களை உலகளவில் மேற்பார்வை செய்யும் ஐக்கான் என்னும் அமைப்பே இவ்வனுமதிகளை வழங்குவது.

டொட் டெல் பெயரை வாங்கியவருக்கு இணையத்தளம் கட்டும் வேலை இல்லை. கடையின் தொலைபேசி, கைத்தொலைபேசி, மின்னஞ்சல், கடை இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு படிவத்தில் எழுதிவிட்டால் போதும். அவை பதிவேட்டிலேயே அமர்ந்துவிடும். இலக்கம் மாறினால் அப்படிவத்தில் மாற்றினால் முடிந்தது. தரவு மிகச் சிறிதாகையால், மெதுவான தொடர்பிலும் மலிவான கைத்தொலைபேசியிலும் விரைவாக வந்து சேரும். இன்னொரு வசதியும் இருந்தது. எல்லாருக்கும் காட்டும் இலக்கம் வேறு, தெரிந்தெடுத்தவர்க்கு மட்டும் காட்டும் இலக்கம் வேறு எனப் பிரித்து வைக்கலாம். வீட்டிலிருந்தபடி தையலும் பலகாரமும் செய்து விற்கும் பெண்கள் தமது இலக்கத்தைப் பகிரங்கமாகப் போடத் தயங்குவது ஏன் என்பதை அறிந்தவர்கள் இவ்வசதியின் அருமையை உணர்வர். இன்று பரவலாக வழங்கும் சாதனங்களிற் சில இதை இன்னும் இவ்வளவு ஒழுங்காகச் செய்யவில்லை.

நல்ல எண்ணம், ஆயினும் நிலைக்கவில்லை. டொட் டெல் விற்பனைக்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 2007இல், ஐபோன் வந்துவிட்டது. முழு இணையப் பக்கத்தையும் உள்ளங்கையில் விரித்துக் காட்டும் தொலைபேசிகள் பெருகப் பெருக, சுருக்கமான தரவு என்னும் அனுகூலம் தேய்ந்தது. அன்றியும், எல்லா டெல் பெயர்களும் ஒரே சாயலான பக்கமாகவே தோன்றின. உரிமையாளர் தமக்கு வேண்டியபடி இணையத்தளம் அமைக்க விதிகள் இடங்கொடுக்கவில்லை. எல்லாவற்றிலும் மேலாக, வாடிக்கைக்காரர்கள் இவ்வீற்றைப் பற்றிக் கேள்விப்படவே இல்லை. 2017இல் அவ்விதிகள் தளர்த்தப்பட்டு, டெல் மற்ற ஈறுகளைப் போன்ற ஒன்றாகிவிட்டது. கைத்தொலைபேசிக்கென்றே நொக்கியா, மைக்ரோசொப்ட், வொடபோன் முதலிய பெரு நிறுவனங்களின் ஆதரவோடு 2006இல் வந்த "மொபி" என்னும் ஈற்றின் கதையும் இதுவே. தொலைபேசிக்கென்று தனி இணையம் வேண்டியிராது என்பதை அவர்கள் அன்று காணவில்லை.

பின்னர் வந்தது பெருவெள்ளம். 2011 ஜூனில் சிங்கப்பூரிற் கூடிய ஐக்கான், பணமும் திறமையும் உள்ள எவரும் புதிய ஈற்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று வாயிலைத் திறந்தது. விண்ணப்பக் கட்டணம் 185,000 அமெரிக்க டொலர். 2012இல் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. 2013 ஒக்டோபரில் முதன்முதலாக இணையத்தில் ஏறிய நான்கு ஈறுகளும் ஆங்கில எழுத்தில் அமைந்தவை அல்ல. அவற்றுள் ஒன்று வலையமைப்பு என்று பொருள்படும் "ஷபகா" என்னும் அரபுச் சொல். பின் வந்தவை ஆயிரத்துக்கும் மேல். கடை என்னும் பொருளுடைய "ஷொப்" என்ற ஈற்றுக்காக ஜப்பானிய நிறுவனம் ஒன்று 2016இல் ஏலத்திற் கொடுத்த தொகை 4 கோடியே 15 இலட்சம் டொலர். ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலையா என்று நிந்தவூர்ச் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுபவர் வியக்கலாம். அவ்வீற்றின் கீழ் ஒவ்வோராண்டும் பெயர் புதுப்பிக்க வரும் சிறு கடைக்காரர்களின் பணமே அவ்விலையைத் தீர்க்கப் போவது. முதலாண்டுக்கு மிக மலிவாகப் பெயரைக் கொடுத்து, இரண்டாமாண்டில் பன்மடங்கு கேட்கும் வழக்கம் இப்புதிய ஈறுகள் பலவற்றில் உண்டு. வாங்குபவர் முதலாண்டு விலையைப் பாராது புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

முஸ்லிம் ஊர்களின் வியாபாரிகளுக்கு ஆர்வமூட்டக் கூடிய விண்ணப்பம் ஒன்றும் அச்சுற்றில் இருந்தது. துருக்கியைச் சேர்ந்த நிறுவனமொன்று "ஹலால்", "இஸ்லாம்" என்னும் இரண்டு ஈறுகளையும் கேட்டது. கோடிக் கணக்கானோருக்குப் பொதுவான சொல்லைத் தனியார் ஒருவர் நிருவகித்தல் தகுமா என்று இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் சில அரபு நாடுகளும் ஆட்சேபித்தன. பல்லாண்டு இழுபட்டு, 2018 ஒக்டோபரில் அவ்விண்ணப்பங்கள் மேற்கொண்டு செல்லா என ஐக்கான் தீர்மானித்தது.

இவ்வாயிரம் ஈறுகளுக்கிடையே தமிழ் எழுத்தில் அமைந்த நாட்டு ஈறுகள் மூன்றே. இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்பன அவை. அவற்றுள் முந்தியது "இலங்கை". 2010ஆம் ஆண்டிலே சிங்கள எழுத்தில் "லங்கா" என்னும் ஈற்றோடு அதுவும் வழங்கப்பட்டது. கடையின் பெயர், ஒரு புள்ளி, அதன் பின் இலங்கை என்று முழுவதும் தமிழில் விலாசம் எழுதலாம் என்பது இதன் பொருள். இது வெறும் மொழிப் பெருமை பற்றிய செய்தி என்று ஒதுக்கிவிடலாகாது. ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோர் காரணத்தை உடனே காண்பர். நிந்தவூர் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே "டி" போடுவாரும் உளர், "டி" என்றே ஒலிக்கும் வேறெழுத்தாகிய "ரீ"யை இடுவாரும் உளர், அதனோடு "எச்" சேர்ப்பாரும் உளர். இறுதியில் ஒரு "யூ" வைப்பதா, இரண்டு "ஓ" வைப்பதா என்பதிலும் ஒற்றுமை இல்லை. இவற்றுள் ஒன்றை வியாபாரி பதிவு செய்துகொள்கிறார், தொலைபேசியிற் கேட்ட வாடிக்கைக்காரர் மற்றொன்றைத் தட்டுகிறார், பக்கம் திறப்பதில்லை. தமிழிலோ நிந்தவூர் என்பதை எழுத ஒரு வழியே உண்டு. மருதமுனைக் கைத்தறிச் சாறனும், சாய்ந்தமருதுக் கடையும் இவ்வாறே. செவியிற் கேட்ட பெயரைப் பிழையின்றி எழுதிவிட முடிதலே விலாசத்தின் முதற் குணம்.

தமிழிலும் இடறும் இடங்கள் இல்லாமலில்லை. அரபுப் பெயர்கள் தமிழ் எழுத்தில் ஒருமைப்பட்டு நில்லா. முகம்மது, முஹம்மத், முஹம்மது என மூன்று வகையும் ஒரே தெருவில் காணலாம். பாத்திமா என்பதன் முன்னே ஆய்த எழுத்தை இடுவோரும் உண்டு. கடைக்கு முதலாளியின் பெயரை இடுவதைக் காட்டிலும், ஐயத்துக்கிடமில்லாத ஒரு தமிழ்ச் சொல்லை இடுதல் இணைய விலாசத்துக்குப் பொருந்தும். வேறு சில சிக்கல்கள் எழுத்தின் வடிவிலேயே உள்ளன. "ஔ" என்பது ஓர் எழுத்து. "ஒ" வும் "ள" வும் அடுத்து நின்றால் கண்ணுக்கு அதுவே. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு. தமிழிலக்கமாகிய ஒன்று, ககரத்தைப் போலவும், ஏழு, எகரத்தைப் போலவும் தோன்றும். ஒருவருடைய பெயரைப் போலத் தோன்றும் மற்றொரு பெயரைப் பதிவு செய்து ஏமாற்ற விரும்புவோருக்கு இத்தகைய ஒப்புமைகளே கருவி. ஆகையால், உலகப் பொதுப் பதிவேட்டில் ஈறாக ஏறக்கூடிய தமிழ்ச் சொற்களுக்கு எவ்வெழுத்துகள் ஆகும், எவை ஒன்றுக்கொன்று மாறாட்டமானவை என்று தனி விதிகளே வகுக்கப்பட்டுள்ளன.

மற்றொரு தடை, கணினிகளின் உள்ளே உள்ளது. பழைய பெயர் முறை ஆங்கில எழுத்தும் இலக்கமும் சிறுகோடும் மட்டுமே அறியும். எனவே, தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றும் திரைமறைவில் "எக்ஸ்", "என்" என்னும் இரண்டெழுத்தும் இரு சிறுகோடும் முன்னே வர, பொருளற்ற ஓர் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்படுகிறது. 2003ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட முறை அது. பெரும்பாலான வேளைகளில் வாசிப்பவர் இதைக் காண்பதில்லை. ஆயினும், விலாசத்தைப் பிரதி செய்து செய்தியொன்றில் ஒட்டும்போது சில செயலிகளில் அழகிய தமிழ்ப் பெயருக்குப் பதிலாக அக்கோவை வந்து விழும். தமிழில் அமைந்த மின்னஞ்சல் விலாசத்தை, "இது பிழையான விலாசம்" என்று தள்ளிவிடும் படிவங்களும் பல. இக்காரணங்களால், இன்று தமிழ்ப் பெயரை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. தமிழ்ப் பெயர் ஒன்றும் எல்கே பெயர் ஒன்றும் வாங்கி, இரண்டையும் ஒரே பக்கத்துக்குத் திருப்பி வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

இனி, கையிலுள்ள கருவிகள். 1994இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தார், வாகன உதிரிப் பாகங்களை அடையாளங் காண்பதற்கென ஆக்கிய சதுரக் குறியீடாகிய கியூஆர், இன்று இலங்கையிற் பணம் செலுத்தும் கடை மேசைகளிலும் நிற்கிறது. தொலைபேசியின் கமராவை அதன்மேற் பிடித்தால் உள்ளே பொதிந்த செய்தி விரியும். கடையின் பெயரையும் இலக்கத்தையும் விசிட்டிங் கார்ட் போல அதற்குள்ளேயே பொதிந்து வைக்கலாம். இணையத் தொடர்பு இல்லாமலே அது வேலை செய்யும். ஆனால் ஆலைக்காரரின் அரிசிப் பைக்கு அது பழைய நோயையே கொண்டுவரும். அச்சான இலக்கம் அச்சானதே. மாறாக, சதுரத்துக்குள் தமது இணையப் பெயரைப் பொதித்தால், பெயர் காட்டும் பக்கத்தில் இலக்கத்தை எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். பை பழையதாயினும் செய்தி புதியது. அப்பக்கத்திற் காணும் இலக்கத்தை 067 என்று தொடங்காது, நாட்டுக் குறியான 94 முன்னே நிற்க எழுதுதல் நன்று. டோஹாவிலும் ரியாத்திலுமிருந்து பெருநாளுக்கு வீட்டாருக்குச் சாமான் அனுப்பச் சொல்பவர் அதைத் தொட்டவுடனே அழைப்புப் போகும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, முகநூலும் வட்ஸ்அப்பும் இருக்கின்றனவே என்பார் பலர். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 2018இல் வந்த வணிகர்களுக்கான வட்ஸ்அப்பில் கடையின் நேரம், இடம், பொருட்பட்டியல் எல்லாவற்றையும் காசின்றிக் காட்டலாம். வாடிக்கைக்காரர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். சிறு வியாபாரி அங்கிருந்து தொடங்குதலே இயல்பு. ஆனால் அங்கே மட்டும் இருத்தலின் இடர் என்ன என்பதை இக்கரையோரம் நன்கறியும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் தொடங்கி, மார்ச்சில் கண்டி மாவட்டத்திலே முஸ்லிம்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்த வன்முறையை அடுத்து, அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர் முதலியவற்றைத் தடை செய்தது. அத்தடை ஒரு வாரத்துக்கு நீடித்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னர் மீண்டும் தடை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக் காலத்தில், மறுபடியும் ஒரு பகற்பொழுது. கடையின் முகவரி முழுவதும் அச்செயலிகளுக்குள்ளேயே இருந்தவர்களுக்கு அந்நாட்களிற் கடைக்கு முகவரியே இல்லை. தமது சொந்தப் பெயரில் பக்கம் வைத்திருந்தவரின் தொலைபேசி இலக்கத்தையோ அப்போதும் எவரும் பார்க்கக் கூடியதாயிருந்தது.

அரசாங்கத் தடை மட்டுமன்று. கம்பனிகளின் எண்ண மாற்றமும் இடரே. சிறு வணிகர்களுக்கெனக் கூகுள் இலவசமாகக் கட்டிக்கொடுத்த இணையப் பக்கங்களை அந்நிறுவனமே 2024 மார்ச்சில் மூடிவிட்டது. பழைய விலாசத்தைத் தட்டியவர்களைச் சில மாதம் வேறிடத்துக்கு அனுப்பி, பின்னர் அதையும் நிறுத்திற்று. அட்டைகளில் அவ்விலாசத்தை அச்சிட்டிருந்தவர் கதி அரிசிப் பை ஆலைக்காரரின் கதியே. இலவசமாகப் பெயர்களை வழங்கிவந்த "டிகே" முதலிய ஈறுகளின் கதை அதிலும் மோசம். மோசடிக்காரர்கள் அவற்றைப் பெருவாரியாகப் பயன்படுத்த, அவற்றை வழங்கிய பிரீநொம் என்னும் நிறுவனத்தின் மீது மெட்டா நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2024இல் அத்தொழிலை விட்டே விலகுவதாக அது அறிவித்தது.

பதிவு செய்யப்பட்ட பெயரும் காவலின்றிக் கிடந்தால் களவு போகும். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, இலங்கைப் பதிவேட்டிலிருந்த பெயர்கள் சிலவற்றை ஊடுருவியோர் திசை மாற்றினர். கூகுள் நிறுவனத்தின் எல்கே பெயரைத் தட்டியவர்களும், நாட்டின் பிரச்சினைகள் சிலவற்றை எழுதிய வேறொரு பக்கத்தையே கண்டனர். அத்தகைய தாக்குதலைச் சிறு கடைக்காரர் தடுத்தல் இயலாது. பதிவகமே தடுக்க வேண்டும். ஆயின், அவர் கையிலுள்ள காரியம் ஒன்றுண்டு. சிற்றூர்களிற் பெயர் வாங்கிக் கொடுப்பவர் பெரும்பாலும் இணையத்தளம் அமைக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர். வேலை விரைவில் முடிய வேண்டுமென்று அவர் பெயரைத் தமது சொந்தக் கணக்கிலே பதிந்துவிடுகிறார். கடைக்காரரும் பெயர் தமக்குரியது என்றே நம்பியிருப்பார். பதிவேட்டைப் பொறுத்தவரை உரிமையாளர் அவ்விளைஞரே. பதிவுப் பத்திரத்திலே உரிமையாளராகக் கடையின் பெயர் இருக்கிறதா, தொடர்புக்குரிய மின்னஞ்சல் கடையில் நாள்தோறும் திறக்கப்படுவதா என்று வாங்கும் நாளிலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும். தவணை முடியும் வேளையில் நினைவூட்டல் அந்த மின்னஞ்சலுக்கே வரும். டொட் கொம் போன்ற பொது ஈறுகளில் தவணை தவறி நீக்கப்பட்ட பெயரை மேலதிகக் கட்டணம் செலுத்தி மீட்பதற்கு 30 நாள் உண்டு. அது கழிந்தால், பெயர் யாருக்கும் பொது. வேலை தேடி நாடு விட்டுச் சென்ற இளைஞரின் பழைய மின்னஞ்சற் பெட்டியில் அக்கடிதம் திறப்பாரின்றிக் கிடக்க, அந்த 30 நாளும் கடந்துபோகும்.